ஜங்ஷன் வாசலில் ஒரு நிழற்குடை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

மயிலாடுதுறை ஜங்ஷனில் வந்து இறங்குகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதுக்குச் சதாபிஷேகம். உடம்புக்கு முடியவில்லை என்றால் வைத்தீஸ்வரன்கோயில். ஐப்பசி பிறந்தால் காவிரித் துலாக்கட்டத்தில் முழுக்கு. விழுப்புரம், தஞ்சாவூர், திருவாரூர் என்று மூன்று பக்கமும் தண்டவாளம் இருப்பதால் ஊர் வந்து சேர்வதில் சிரமமில்லை. சிரமமெல்லாம் ஸ்டேஷன் வாசலைத் தாண்டிய பிறகுதான். பேருந்து நிலையம் தள்ளி இருக்கிறது. மூட்டையோடு நடக்கிற தூரமில்லை.

1926இல் வந்த தரங்கம்பாடி ரயில் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று நின்று நின்று போகும். 1980களில் அதை நிறுத்திவிட்டார்கள். அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பிளாட்பாரம் மாறி ஏறினால் போதும், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

போன ஐப்பசியில் விடியற்காலை ரயிலில் ஒரு தம்பதி இறங்கினார்கள். அன்றைக்கு அவர்களுக்கு அறுபதாம் கல்யாணம். கொட்டுகிற மழை. அந்த அம்மா மாலைப் பையை முந்தானையால் மூடிக்கொண்டு, டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் முக்கால் மணி நேரம் நின்றார். "திருக்கடையூர் பஸ் இங்க நிக்குமா தம்பி?" என்று கேட்டதற்கு, அங்கே நின்ற நாங்கள் நாலு பேரும் நாலு பதில் சொன்னோம். வெட்கமாகத்தான் இருந்தது.

அதனால், வாசலுக்கு எதிரே 20 அடி நீளத்துக்குத் தகரக் கூரை, நாலு சிமெண்ட் பெஞ்சு, ஒரு குடிதண்ணீர்த் தொட்டி. அப்புறம் எந்த ஊருக்கு எங்கே ஏற வேண்டும் என்று, கண்ணாடி இல்லாமலே படிக்கிற எழுத்தில் ஒரு பலகை. பஸ் நேரம் எழுதப்போவதில்லை. இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். இடத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று. குழுவிலேயே இரண்டு கொத்தனார்கள் இருக்கிறார்கள், கூலி வேண்டாம் என்றுவிட்டார்கள். சாமான் வாங்கத்தான் பணம் வேண்டும்.

50 ரூபாய் என்றாலும் ரசீது உண்டு. பணமாகத் தர முடியாதவர்கள் சிமெண்ட் மூட்டை, தகரம், கம்பி எதுவானாலும் தரலாம். ஒரு பெஞ்சை முழுதாக ஏற்பவர்களின் பெயரை அதன் முதுகில் எழுதுவோம். கட்சிப் பெயர், தலைவர் படம் மட்டும் கிடையாது.

புரட்டாசி பாதிக்குள் வசூல் முடிந்தால், ஐப்பசி கடைசி நாள் கடைமுக முழுக்குக்கு வருகிறவர்கள் நனைய வேண்டியதில்லை. ரசீதுப் புத்தகம் தினமும் மாலை 6 மணிக்கு மேல் ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், எங்கள் ஆளாகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
நிழற்குடைக் குழுவினர்,
மயிலாடுதுறை