கோமுவுக்கு, காலை 6.40

கோவை
கார்த்திகை 9

அன்புள்ள கோமு,

உன் இரண்டு கடிதங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. முதலாவது வந்தது சித்திரையில், இப்போது கார்த்திகை. திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள். கை வலி, கண் மங்கல் என்று காரணம் சொல்லப் போவதில்லை. ஆடிக்குப் பிறகு எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே விஷயம் முன்னால் வந்து நிற்கும். அதை எழுத மனசு வராமல் பேனாவை மூடிவிடுவேன். போனில் சொல்லலாம் என்றால் உன் காதுக்குக் கத்த வேண்டும். கத்திச் சொல்கிற விஷயம் இல்லை அது.

முதலில் சில்லறைச் செய்திகள். என் முட்டி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஆகாது. பெரியவன் தை மாதம் வருகிறான், டிக்கெட் போட்டாயிற்று. ராஜபாளையத்துக்காரிக்கு இரண்டாவது பேத்தி. போட்டோ அனுப்பினாள், மூக்கு அவளேதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம்மை மேய்த்த மானிட்டர் அம்மாவுக்கு வருகிற மாசியில் 90 முடிகிறது. போன வாரம் பேசினேன். நீ நாசரேத்துக்குப் பதில் நாசிக் லைன் போட்டுக் கொடுத்ததை இன்னும் மறக்கவில்லை, தெரியுமா? அந்த நாசிக்காரர் ஹிந்தியில் திட்டத் திட்ட நீ "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்றாயே, அதை அப்படியே நடித்துக் காட்டினார். சாகிறவரை உன்னை விடமாட்டார்.

"அந்த முதியோர் குடியிருப்பில் மாதம் பூரா என்னதான் பண்ணுவீர்கள், பொழுது போகிறதா?" என்று கேட்டிருந்தாய். மாதம் ஓடுவதே தெரிவதில்லை. ஒன்றாம் தேதி பராமரிப்பு பில் கதவிடுக்கில் வந்து விழும். முதல் சனிக்கிழமை டாக்டர் வந்து எல்லோருக்கும் பிரஷர், சுகர் பார்ப்பார். இரண்டாவது, நான்காவது புதன்கிழமை காந்திபுரம், டவுன்ஹால் பக்கம் வேன் போகும். பேங்க், மருந்துக்கடை, கண்ணாடிக்கடை எல்லாம் அன்றைக்குத்தான். பிரதோஷத்துக்குப் பேரூர், கிருத்திகைக்கு மருதமலை. மலைமேல் வரை வண்டி போகும், அதனால் என் முட்டிக்கும் முருகன் கிடைக்கிறார். அமாவாசையன்று சாப்பாட்டுக்கூடத்தில் வெங்காயம், பூண்டு கிடையாது, வாழைக்காய் வறுவலும் பயத்தம்பருப்புப் பாயசமும் உண்டு. வாரம் ஒரு நாள் இந்த ஊர் அரிசியும்பருப்பும் சாதம், மேலே நெய் விட்டு. அதற்கு நான் அடிமை. சொதி மட்டும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். தேங்காய்ப்பால் ஆகாது என்று பாதிப்பேர் கை தூக்கிவிடுகிறார்கள்.

கடைசி ஞாயிறு, அந்த மாதம் பிறந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக். அப்புறம் தம்போலா. நம்பர் கூப்பிடுவது நான்தான். மைக்கைப் பிடித்ததும் அந்தப் பழைய குரல் தானாக வந்துவிடுகிறது, கோமு. "டபுள் ஃபைவ்" என்றால் கடைசி வரிசைவரை கேட்கிறது.

கார்த்திகை பிறந்துவிட்டதா, நவம்பர் ஆயுள் சான்றிதழ் வேலையும் முடிகிற நேரம். 80 தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1-லிருந்தே எடுக்கலாம், மற்றவர்களுக்கு நவம்பர். தபால்காரரே கருவியோடு வந்து சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். பாதிப்பேருக்கு ரேகை பதியவில்லை. பாத்திரம் துலக்கித் துலக்கி விரல் நுனி வழவழ என்று ஆகிவிட்டது. ஈரத்துணியில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஊதி, மறுபடி வைத்து என்று பாடாய்ப் பட்டோம். கடைசியில் போனில் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டச் சொல்லி எடுத்தார்கள். அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், "வருஷத்துக்கு ஒரு தடவை நாம் இருக்கிறோமா என்று அரசாங்கம் கேட்கிறது. மற்ற நாளில் கேட்க யார் இருக்கிறார்கள்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சை அடைத்தது. அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் பக்கத்து வீட்டு டீச்சரைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். செம்பருத்தித் தொட்டி டீச்சர். பூவைப் பறிக்காமல், "செடியிலேயே இருக்கட்டும், போகிறவர்கள் பார்க்கட்டும்" என்பார். ஆடி மாதம் ஒரு ராத்திரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த மாதம் எப்படி அடிக்கும் என்று நீ இங்கே வந்தால்தான் தெரியும். ஜன்னல் கதவெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணி இருக்கும், டீச்சர் வீட்டுப் பக்கமிருந்து தொம் என்று ஒரு சத்தம். ஜன்னல்தான் என்று நினைத்தேன். எழுந்து கொக்கியைச் சரிபார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு வேலைக்காரப் பெண் வந்து பெல் அடித்தாள், திறக்கவில்லை. ஆபீசில் இருந்த மாற்றுச் சாவியால் வாசலைத் திறந்தோம். குளியலறை உள்ளே தாழ் போட்டிருந்தது. தச்சர் வந்து கதவை நெம்பி எடுக்க இன்னும் அரை மணி. டீச்சர் ஒருக்களித்துக் கிடந்தார். கன்னத்தில் டைல்ஸின் கோடு அப்படியே பதிந்திருந்தது, நேராக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. கைக்கு எட்டிய துண்டின் நுனியை வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்து உறிஞ்சியிருக்கிறார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. என் முகத்தைப் பார்த்ததும், "கூப்பிட்டேனே, சரசு" என்றார். குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

பதினான்கு மணி நேரம், கோமு. ஒரு சுவர்தான் நடுவில்.

37 வருஷம் காதை வைத்துச் சம்பளம் வாங்கியவள் நான். தூத்துக்குடி லைனில் கடல் மாதிரி இரைச்சல், அதற்கு நடுவே எவனோ முணுமுணுக்கும் ஊர்ப் பேரைப் பிடித்து நீ டிரங்க் கால் டிக்கெட்டில் எழுதுவாய், நானும் எழுதுவேன். அந்தக் காதுக்கு இது எட்டவில்லை. உனக்கு இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

டீச்சருக்கு இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன் ஆயிற்று. மாதாந்திரம் வரும் டாக்டரிடம் கேட்டேன். 65 தாண்டியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார்களாம். விழுவதை விட, விழுந்த இடத்திலேயே மணிக்கணக்காகக் கிடப்பதுதான் ஆபத்து என்றார். உடம்பின் கனமே தசையை நசுக்கி, அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பிடித்துவிடுமாம். டீச்சருக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார், வாக்கர் வைத்து நடக்கிறார். திரும்பி வருவாரா தெரியாது. செம்பருத்திக்கு நான் தண்ணீர் விடுகிறேன். பறிப்பதில்லை.

நிர்வாகத்திடம் போய்ச் சண்டை போட்டேன். கட்டில் பக்கத்தில் ஒன்று, குளியலறையில் ஒன்று, இரண்டு அவசர மணி இருக்கிறதே என்றார்கள். இருந்தது. குளியலறையில் அதன் கயிறு, தரை துடைக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று மேலே சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. விழுந்து கிடப்பவர் கைக்கு எப்படி எட்டும்? மறுநாளே வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். 96 வீட்டில் 41 வீட்டில் கயிறு மேலே சுற்றியிருந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்துத் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டோம்.

அதோடு மனசு ஆறவில்லை. மணியை அவர் அடிக்க வேண்டும், கயிறு அவருக்கு எட்ட வேண்டும், நினைவு இருக்க வேண்டும். எல்லாம் விழுந்தவர் பொறுப்பு. கேட்பவர் பொறுப்பு என்று எதுவுமே இல்லையா? அப்போதுதான் வெளியூர் கால் பதிய ஜனங்கள் சுற்றுகிற அந்த 180 ஞாபகம் வந்தது. டிரங்க் புக்கிங்கில் நாம் என்ன செய்தோம்? ஆள் தானாக வந்து எடுப்பார் என்று விட்டோமா? பி.பி. கால், அதாவது இன்ன ஆளோடுதான் பேச வேண்டும் என்று கேட்ட கால் என்றால், அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தும்வரை லைனை விடமாட்டோமே.

இங்கே எல்லா வீட்டிலும் இண்டர்காம் இருக்கிறது. தனியாக இருப்பவர்கள் என்னைச் சேர்த்து 23 பேர், அதில் 19 பேர் பெண்கள். ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன், நம் டிக்கெட் மாதிரியே: நம்பர், மணி, பதில், குறிப்பு. ஆவணி முதல் தேதியிலிருந்து தினமும் காலை 6.30-க்கு உட்காருகிறேன். எடுத்தால் டிக். எடுக்காவிட்டால் வட்டம் போட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி. அதற்கும் இல்லையென்றால் செக்யூரிட்டியை அனுப்புகிறேன். எனக்கு வரும் கால் இரண்டாவது பிளாக்கின் ஓய்வுபெற்ற நர்ஸிடமிருந்து. வாரத்தில் இரண்டு நாள் முழு லிஸ்டையும் அவரே பார்க்கிறார், எனக்கு வீக்லி ஆஃப்!

ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம் என்றுதான் கணக்கு. மூன்று நிமிஷம் ஆனால் "எக்ஸ்டெண்ட் பண்ணலாமா?" என்று வாய் தானாகக் கேட்கிறது. ஒரு பாட்டி ராத்திரி வந்த கனவைச் சொல்லுவார். ஒருவர் டிபன் என்னவென்று என்னிடம் விசாரிப்பார். பழைய ரயில்வேக்காரர் ஒருவர், மணி அடித்ததும் எடுத்து "இருக்கேன்" என்பார், வைத்துவிடுவார். அந்த ஒரு சொல்தான். மூன்று மாதமாக, ஒரே ஒரு நாள் தவிர, வேறு சொல் சொன்னதில்லை. புரட்டாசியில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், பத்து நிமிஷம் தாமதமாகக் கூப்பிட்டேன். முதல் மணிக்கே எடுத்தார். "இருக்கேன்... நீங்க?" என்றார். அழுதுவிட்டேன், கோமு.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். "நான் இன்னும் அந்த நிலைமைக்கு வரவில்லை" என்று ஒரு அம்மாள் போனை வைத்துவிட்டார். அதிகாலையில் தொந்தரவு என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து பேசினார். அவர் மனைவியோடு இருக்கிறார், அவருக்குப் புரிவது கஷ்டம். அந்த அம்மாளிடம் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் இப்போது ஏழு மணிக்குள் தன் ஹால் திரையை விலக்கி வைக்கிறார். நான் நடக்கப் போகும்போது பார்த்து டிக் போட்டுக்கொள்கிறேன். அவர் அதை எனக்காகத்தான் செய்கிறார் என்று நம்புகிறேன், இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதுவரை நான்கு தடவை செக்யூரிட்டியை அனுப்பியிருக்கிறேன். மூன்று தடவை ரிசீவர் சரியாக வைக்காதது. ஒரு தடவை சர்க்கரை இறங்கி, கட்டிலில் வேர்த்துக் கிடந்தவர். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 108 வரவழைத்தோம். அன்று சாயங்காலமே திரும்பிவிட்டார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பாளையங்கோட்டையில் அந்தப் பெரிய வீட்டில் நீ ஒருத்தி. நடுமுற்றம் வழுக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். இங்கே வந்துவிடு என்று முன்பு மூன்று கடிதம் எழுதினேன், கிணற்றையும் மாமரத்தையும் விட்டு வரமாட்டாய் என்று தெரிந்துவிட்டது, இனி அதைக் கேட்கப் போவதில்லை. ஆனால் என் நோட்டில் 24-ஆவது வரியில் உன் பெயரை எழுதிவிட்டேன். மணி 6.40. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த மறுநாளிலிருந்து உன் போன் அடிக்கும். உனக்கு நான் பேசுவது கேட்க வேண்டாம். போனில் விளக்கு எரிவதைப் பார்த்து எடுத்து, "இருக்கேன்" என்று சொல், போதும். எடுக்காவிட்டால் எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடுவேன், அவன் நம்பரை எனக்கு எழுதி அனுப்பு. ஒரு சாவியையும் அவன் அம்மாவிடம் கொடுத்து வை. 14567 என்று ஒரு நம்பர் இருக்கிறது, முதியோர் உதவிக்கு, காலை 8-லிருந்து இரவு 8 வரை. அதையும் 108-ஐயும் பெரிதாக எழுதிப் பிரிட்ஜ் மேல் ஒட்டு.

தை மாதம் நாலு நாள் வந்து இரு. நாகர்கோவில் ரயிலில் திருநெல்வேலியில் ராத்திரி ஏறினால் காலையில் கோவை. 2020-இல் எடுத்த முதியோர் சலுகையை இன்னும் திருப்பித் தரவில்லை என்று நீ புலம்புவாய், நானும் புலம்புகிறேன். கீழ் பெர்த்தாவது கிடைக்கும். சொதிக்கு நான் பொறுப்பு, என் வீட்டு அடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய். இன்றைக்கே குளியலறைத் தாழ்ப்பாளைப் பார். பழைய இரும்புத் தாழ்தானே? வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கிற மாதிரிப் பூட்டு வருகிறது, இங்கே 14 வீட்டில் மாற்றிவிட்டோம். ஆசாரியைக் கூப்பிட்டு மாற்று. அவர் வரும்வரை கதவை ஒருக்களித்து வைத்தே குளி. வீட்டில் யாரடி இருக்கிறார்கள், வெட்கப்பட?

உன்
சரசு