மருந்துக்கடை வாசலில் உதவிய அக்காவுக்கு நன்றி

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று இரவு வெள்ளவத்தையில் எங்கள் நாய் டைகருக்குக் கைகொடுத்த, பெயர் தெரியாத அக்காவுக்கு இந்தப் பதிவு.

பூனை கண்ணில் பிறாண்டிவிட்டது. டைகர் கண்ணைத் திறக்காமல் முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். அழைத்துப் பார்த்த மிருக வைத்தியர் எவரும் எடுக்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீரொயிட் சொட்டு மருந்தை விடலாமா என்று மருந்துக்கடையில் கேட்டேன். பக்கத்தில் நின்ற அக்கா, "ஐயோ தம்பி, அதை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றார். கருவிழியில் கீறல் இருந்தால் அது புண்ணை ஆறவிடாது, ஆழமாக்கிவிடும், கண்ணே போகலாம் என்றார்.

அப்புறம் 0.9 சதவீத சேலைன் (உப்புநீர்) போத்தலோடு எங்கள் ஓட்டோவுக்கே வந்துவிட்டார். டைகரின் தலையை மடியில் சாய்த்து, மூக்குப் பக்க மூலையிலிருந்து மெல்ல மெல்ல ஊற்றிக் கழுவினார். பஞ்சால் ஒற்றவோ அழுத்தவோ விடவில்லை. ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கவும் கூடாதாம். தேய்க்காமலிருக்கக் கழுத்துக்குக் கூம்பு வேண்டுமே? கடையில் காலி கார்ட்போட் பெட்டி கேட்டு வாங்கி, அங்கேயே வெட்டி ஒட்டித் தந்தார். அழகென்று சொல்ல முடியாது, ஆனால் விடியும்வரை கழரவில்லை.

காலையில் மிருக வைத்தியர் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் கீறல் பச்சையாய் ஒளிர்ந்தது. அன்டிபயோட்டிக் சொட்டு மருந்து எழுதித் தந்தார். ஸ்டீரொயிட் விடாதது நல்லதாய்ப் போயிற்று என்று அவரும் சொன்னார். இப்போது டைகர் கண்ணை நன்றாகத் திறக்கிறான், பூனையையும் துரத்துகிறான்.

அக்கா, இதைப் பார்த்தால் ஒரு செய்தி போடுங்கோ. சேலைன் காசும் நீங்கள்தான் கொடுத்தீர்கள், அதையாவது தர வேண்டும்.