பூச்சிங்க பத்திரமா கீது: ஒரு நன்றி மடல்

வேலூர், 4 டிசம்பர் 2020

எல்லோருக்கும் வணக்கம்.

ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கல்லூரி திறந்த புதன்கிழமையே, ஃபிரீசரில் எட்டு மாதமாகக் கிடந்த என் பாக்டீரியாக் குப்பிகளை வெளியே எடுத்துத் தட்டுகளில் தீற்றி, அவை வளர்வதற்கு இன்குபேட்டரில் வைத்தேன். இன்று காலை பார்த்தால் 41 பாக்டீரியாக்களில் 38 உயிரோடு வளர்ந்திருக்கின்றன. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அது அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் இரவுக் காவலர் அண்ணாவுக்குத்தான் முதல் நன்றி. பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

மார்ச்சில் கொரோனாவுக்காகக் கல்லூரியை மூடி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னபோது, குடியாத்தம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஃபிரீசரைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஏப்ரலில்தான் உறைத்தது. ராணிப்பேட்டை குரோமியக் கழிவு மண்ணிலிருந்து இரண்டு வருடமாகப் பிரித்தெடுத்த பாக்டீரியாக்கள் அதற்குள் மைனஸ் 20 டிகிரியில் கிடந்தன. கரண்ட் போய் வந்தால் ஃபிரீசரோடு இணைத்த ஸ்டெபிலைசர் தானாக ஓடாது, பொத்தானை அழுத்த வேண்டும். கத்திரி வெயிலில் வேலூரில் கரண்ட் போகாமல் இருக்குமா?

அண்ணாவின் வேலை கேட்டைப் பார்ப்பது மட்டும்தான். துறைத்தலைவர் சாவிக்கு அனுமதி வாங்கித் தந்ததும், தினமும் இரவு பத்து மணிக்கு இரண்டாம் மாடி ஏற ஆரம்பித்தார். விருதம்பட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி சைக்கிளில் வருகிறவர், அவரிடம் இருப்பது பட்டன் போன். ஒரு மிஸ்டு கால் வந்தால் ஃபிரீசர் ஓடுகிறது. இரண்டு வந்தால் நான் கூப்பிட வேண்டும். எட்டு மாதத்தில் இரண்டு வந்தது மூன்றே முறை. கடைசி முறை போன வாரம், நிவர் புயல் மழையில். கரண்ட் வரும்வரை கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் தாங்கும் அண்ணா என்றேன். சரி பாப்பா என்றார்.

புதன்கிழமை போய்ப் பார்த்தால் ஃபிரீசரைச் சுற்றித் தாம்புக்கயிறு. மேலே ஓர் அட்டை, 'தொறக்காதே'. பூட்டிய அறையில் யார் வந்து திறக்கப்போகிறார்கள்! முடிச்சை அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆனது. அவர் பக்கத்தில் நின்று, "உன் பூச்சிங்க பத்திரமா கீது பாப்பா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் மற்றவர்கள். ஆய்வகம் பூட்டிக் கிடந்த மாதங்களில் கையிலிருந்த டி.என்.ஏ. தரவை வைத்தே ஓர் அத்தியாயம் எழுத வைத்த என் நெறியாளர், கட்டுரைகளைத் தேடி அனுப்பிய நண்பர்கள், ஆறு மாத நீட்டிப்புக்கு என்னோடு சேர்ந்து விண்ணப்பம் எழுதிய சீனியர் அக்கா, நான் ஆன்லைனில் வகுப்பு எடுக்கும்போது மிக்ஸியை ஓட்டாமல் இருந்த அம்மா. ஜவ்வாது மலையில் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி வகுப்பு கேட்ட மாணவிக்கும் நன்றி. அவளால்தான் நேரலையை விட்டுவிட்டுப் பாடங்களைக் குரல் பதிவாக அனுப்பப் பழகினேன். மலை மாணவர்களுக்கு இனிமேலும் அப்படியே அனுப்புவேன்.

இந்தப் பூச்சிகள் என்ன செய்யும் என்று அண்ணா ஜூலையில் ஒரு நாள் கேட்டார். நஞ்சு அதிகமுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் குரோமியமாக இவை மாற்றினால் நஞ்சு குறையும் என்பதை எனக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ராணிப்பேட்டைப் பக்கம் தன் சொந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் மஞ்சளாக இருப்பதாகச் சொன்னார். "எங்க கிணத்துல வுடுவியா?"

கிணற்றில் விடும் நிலைக்கு இன்னும் வரவில்லை அண்ணா, ஆய்வகத்தோடு சரி. ஆனால் அடுத்த சோதனை உங்கள் ஊர்த் தண்ணீரில்தான். பொங்கலுக்குப் போகும்போது கழுவிய பாட்டில் இரண்டு தருகிறேன். குடத்தில் இருப்பது வேண்டாம், கிணற்றிலேயே மோந்து வாய்வரை நிரப்பி வாருங்கள்.