வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு

காரங்காடு, பாம்பன், தனுஷ்கோடி கரைகளில் வாழும் அன்பு மக்களுக்கும், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும்,

வணக்கம். பரமக்குடியில் வைகைக் கரையோரத் தெரு ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பங்குனி இரண்டாம் வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்கள் ஊர்களில் சுற்றித் திரிந்த 38 பேரில் நானும் ஒருத்தி. பிள்ளைகள் 24 பேர், பெரியவர்கள் 14 பேர். எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் கடல் என்றால் அக்னி தீர்த்தம்தான். ஆடி அமாவாசைக்குத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவார்கள், மூன்று முறை மூழ்குவார்கள், ஈரத் துணியோடு வண்டி ஏறிவிடுவார்கள். முழுப் பரீட்சை நெருங்குவதற்குள், வெயில் கொதிக்கத் தொடங்குவதற்குள், கரையை நிதானமாகக் காட்டிவிட வேண்டும் என்றுதான் கூட்டி வந்தோம்.

ஒவ்வொருவர் பெயரையும் எழுதி நன்றி சொல்லத்தான் ஆசை. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் இருவர் கேட்டுக்கொண்டதால் எல்லார் பெயரையும் விட்டுவிட்டேன். எந்த வரி யாருக்கு என்பது அவரவருக்குத் தெரியும்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. முகுந்தராயர் சத்திரத்தில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் ‘டார்ச் லைட் கட்டாயம்’ என்று எழுதி அடிக்கோடிட்டவள் நான். வேனிலிருந்து இறங்கியதும் 24 பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டார்கள். காவலர் அண்ணன் செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் ஓடி வந்தார். “எல்லா விளக்கையும் அணையுங்கள் டீச்சர். செல்போன் வெளிச்சமும் வேண்டாம்” என்றார். “இருட்டில் பிள்ளைகள் விழுந்துவிட்டால்?” என்று ஒரு தகப்பனார் கேட்டார். “மணல்தானே சார், விழட்டும்” என்று பதில் வந்தது.

அணைத்துவிட்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. நட்சத்திர வெளிச்சத்தில் கடல் தானே வெளிறித் தெரிந்தது. முட்டையை விட்டு வெளியே வரும் குஞ்சு, அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நடக்கும் என்று அப்போதுதான் சொன்னார். காலங்காலமாக அந்தப் பக்கம் கடலாகவே இருந்திருக்கிறது. இன்றைக்குச் சாலை விளக்கும் வண்டி விளக்கும் கடலைவிடப் பிரகாசமாக இருக்கின்றன. எங்கள் 24 விளக்குகளும் அந்தக் குஞ்சுகளைச் சாலைக்கே அழைத்திருக்கும். என் அடிக்கோடு எவ்வளவு பெரிய பிழை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

பங்குனி ஆமை என்று நம் கரையில் ஏன் சொல்கிறார்கள் என்பதையும் அவரிடமே பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். முட்டையிட அது கரையேறும் காலத்தில் பங்குனிதான் முக்கியமான மாதம். ஒரு குழியில் ஏறத்தாழ 100 முட்டைகள். கடற்கரை நாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடுவதற்குள் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து வைக்கிறார்கள். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரிகின்றன. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதி, குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதி என்று சொன்னபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நம்பவே இல்லை. பொரிப்பகத்தின் மேல் நிழல்வலை எதற்கு என்று அதன் பிறகு அவனே மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

கூடையைச் சரித்தபோது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “தூக்கித் தண்ணீரில் விடட்டுமா?” என்று கேட்டாள். “வேண்டாம் அம்மா, அது நடக்கட்டும்” என்றார் அவர். நாங்கள் எண்ணிய 93 குஞ்சுகளும் தாமே நடந்தன. கடைசிக் குஞ்சு ஒரு காலடித் தடத்துக்குள் விழுந்து ஏறத் தெரியாமல் தத்தளித்தது. அந்தத் தடம் எங்களில் யாரோ ஒருவருடையது. அது ஏறி முடிக்கும்வரை 38 பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். அந்தப் பிள்ளைகளை நான் வகுப்பறையில் ஒருநாளும் அவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை.

அண்ணே, தை மாதத்திலிருந்து இரவெல்லாம் அந்தக் கரையில் தடம் தேடி நடக்கிறீர்கள். நாங்கள் கண்டது அரை மணி நேரம். அதற்குப் பின்னால் உங்கள் உறங்காத இரவுகள் எத்தனை என்பதைப் பிள்ளைகள் கேட்டார்கள், நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தக் கேள்வியை இந்த மடலில் மீண்டும் வைக்கச் சொன்னார்கள்.

அடுத்து, கரைவலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு. சாலையோரம் நிறுத்திய எங்கள் வேன் மணலில் புதைந்தபோது வலைக் கயிற்றைப் பாதியில் விட முடியாத நிலையிலும் நான்கு பேரை அனுப்பினீர்கள். சக்கரத்துக்கு அடியில் ஓலையைத் திணித்து, நீங்கள் குரல் கொடுத்த தாளத்துக்குத் தள்ளி, வண்டியை மேலேற்றினோம். கூலி என்று பேச்சை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதற்குப் பதில் பிள்ளைகள் உங்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளங்கை சிவந்ததை இரண்டு நாள் எல்லாரிடமும் காட்டினார்கள்.

அந்த இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை எங்களால் மறக்க முடியாது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மணலும் சிதைந்த சுவர்களுமாகக் கிடந்த தனுஷ்கோடிக்கு முன்பெல்லாம் மணல்வண்டியில்தான் வர முடியும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு யார் வேண்டுமானாலும் வரலாம். எங்களைப் போன்றவர்கள் வர முடிந்ததும் அந்தச் சாலையால்தான். ஆனால் வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போவது வலையில் ஏறுகிறது என்று சொல்லி, மீனோடு வந்த குப்பையைத் தனியே கொட்டிக் காட்டினீர்கள். தண்ணீர் பாட்டில்கள், பொட்டலக் காகிதங்கள், ஒற்றைச் செருப்பு. ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை.

பூநாரைக் கூட்டத்தைக் கண்டு பிள்ளைகள் ஓடியபோதும் நீங்கள்தான் தடுத்தீர்கள். இரை எடுக்கிற நேரத்தில் எழுப்பினால் தின்றதெல்லாம் பறப்பதற்கே செலவாகிவிடும் என்றீர்கள். தனுஷ்கோடியின் அந்தச் சதுப்பு 2025இல் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 524.7 ஹெக்டேர் பரப்பு என்பதையெல்லாம் நான் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஒரு வாக்கியத்தில்தான் பிள்ளைகள் நின்றார்கள்.

பாம்பன் படகுக்கார அண்ணனுக்கு ஒரு தனி வணக்கம். எதிரே தெரிந்த தீவில் பத்து நிமிடம் இறக்கிவிடும்படி எங்களில் சிலர் கெஞ்சினார்கள், கூடுதல் பணமும் தருவதாகச் சொன்னார்கள். 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் அதுவும் ஒன்று, நினைத்தபடி காலடி வைக்கும் இடமில்லை என்று சொல்லிப் படகைத் திருப்பினீர்கள். அந்த நேரத்தில் எங்களுக்கு வருத்தம். இப்போது, பணத்தை மறுத்த ஒரு மனிதரைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்தார்களே என்று நிறைவாக இருக்கிறது.

பாசி எடுக்கும் அக்கா, உங்களுக்கு என்ன எழுதுவது? எங்கள் தெருச் சிறுமியின் காலில் சொறி என்னும் ஜெல்லிமீன் பட்டு அவள் அலறியபோது, அவளுடைய அம்மா மணலை அள்ளித் தேய்க்கப் போனார். “தேய்க்காதே தாயி, நல்ல தண்ணீரும் ஊற்றாதே” என்று கையைப் பிடித்தீர்கள். கடல் தண்ணீரிலேயே கழுவி, ஒட்டியிருந்த இழைகளைப் பக்குவமாக எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வழி காட்ட நீங்களே வேனில் ஏறி வந்தீர்கள். சிறுமி நலமாக இருக்கிறாள். போகும் வழியில் விரலில் துணி சுற்றிய உங்கள் கையைப் பார்த்து அவள் கேட்டாள் அல்லவா? கூரான பாறையிலிருந்து பாசியைக் கிள்ளும்போது விரல் கிழியாமல் இருக்க என்றீர்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்கள்தான் கடலில் இறங்குவோம், மற்ற நாள்கள் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவோம் என்றும் சொன்னீர்கள். அழுகை நின்றது அந்தப் பேச்சில்தான். அன்றைய உங்கள் வருமானம் எங்களால் போயிற்று என்பது எங்களுக்குத் தெரியும்.

காரங்காட்டுக்குக் கடைசியில் வருகிறேன், நாங்கள் முதலில் வந்தது அங்கேதான் என்றாலும். சனிக்கிழமை காலை துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் மறைந்து பச்சை நிழல் விழுந்தது. சேற்றுக்கு மேலே பென்சில் நட்டதுபோல் ஆயிரக்கணக்கில் நின்றவை வேர்கள் என்பதையும், காற்றுப் புகாத சேற்றில் மூச்சுவிட அவை மேல்நோக்கி வளர்கின்றன என்பதையும் படகோட்டிய தம்பிகள் பொறுமையாகச் சொன்னார்கள். இலையை நக்கிப் பார்த்து உப்புக் கரிக்கிறது என்று பிள்ளைகள் கூவினார்கள். உறிஞ்சிய உப்பை இலை வழியாகத் துப்பும் மரம் அது.

சமைத்துப் போட்ட அம்மாக்களே, உங்கள் நண்டு ரசத்தின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது. அதைவிட ஆழமாக நிற்பது நீங்கள் எங்கள் தட்டுக்கட்டைத் திருப்பிக் கொடுத்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளைக் கட்டாக வாங்கி வந்திருந்தோம். 2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள் அது, எங்கள் கடைத்தெருவில் கேட்டவுடன் கிடைத்தது, வாங்கியதும் நாங்கள்தான். “இது இங்கே வேண்டாம் தம்பி, ஊருக்கே கொண்டு போங்கள்” என்று சொல்லிவிட்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்து வைத்தீர்கள். பிள்ளைகள் தின்று, கழுவி, துடைத்து அடுக்கினார்கள்.

அங்கேதான் ஒரு சிறுவன் கேட்டான், நம் ஊர்க் குப்பையும் இங்கே வருமா என்று. யாரும் உடனே பதில் சொல்லவில்லை. நம் வைகை, தண்ணீர் மிகுந்த ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி, ஆற்றங்கரை என்னும் ஊரில் இதே பாக் நீரிணைக் கடலில்தான் சேருகிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது எங்கள் ஊர் மணலெங்கும் மக்கள் வெள்ளம். மறுநாள் அந்த மணல் எப்படிக் கிடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும், கண்ணைத் திருப்பிக்கொண்டு நடந்து பழகியவர்கள் நாங்கள்.

இந்த முறை திருவிழாவுக்கு மறுநாள் விடியலில் அந்த 24 பிள்ளைகளும் ஆற்றில் இறங்குகிறார்கள். பெரியவர்கள் 14 பேரும் கூட வருகிறோம், தெருவில் இன்னும் 20 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கரைவலைப் பெரியவர்கள் வேனில் ஏற்றிவிட்ட ஏழு சாக்குகளைத்தான் பயன்படுத்தப் போகிறோம். ஒன்றில் அடிப்பக்கம் கிழிந்திருந்தது, தைத்துவிட்டோம். வைகாசியில் துவைத்துக் காயவைத்துக் கொண்டு வந்து தருகிறோம்.

மிக்க நன்றியுடன்,
பரமக்குடியிலிருந்து வந்த டீச்சரும் தெருக்காரர்களும்