நிற்க வைத்தும் ஸ்கேன் செய்யுங்கள்

எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுகிறவர்களைப் பரிசோதிக்கும் துறைகளின் தலைவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும்,

வணக்கம். 'பி.பி. நார்மல்' என்று ஒரே வரி எழுதி இவர்களை வீட்டுக்கு அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. ஐந்து நிமிடம் படுக்க வைத்து, பின் எழுப்பி, மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. நடப்பதோ வேறு. நாற்காலியில் இருப்பவரை எழுப்பி ஒரே ஒரு தடவை கஃப் (பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) கட்டுகிறார்கள். தானியங்கிக் கருவி எண்ணைக் காட்டவே அரை நிமிடம் பிடிக்கும். எழுந்த 15 நொடிக்குள் 40க்கு மேல் சரிந்து உடனே மீளும் பி.பி. அதில் சிக்காது. கையைத் தொங்க விட்டால், இதய மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஏழெட்டுப் புள்ளி கூடி, இறங்கியதே தெரியாமல் போகும்.

இதெல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கஃப் அளப்பது கையின் அழுத்தத்தைத்தான். மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அது சொல்லாது. 2020இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், நீடித்த களைப்பு நோயாளிகளைச் சாய்வு மேசையில் (படுத்தவரை அப்படியே நிமிர்த்தும் மேசை) நிமிர்த்தியபோது மூளை ரத்த ஓட்டம் சராசரியாக 26% குறைந்தது. நலமாக இருப்பவர்களுக்கு 7% மட்டுமே. பி.பி.யும் நாடியும் நார்மலாக இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஓட்டம் அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. அதைக் காட்டியது கழுத்து டாப்ளர், அதாவது கழுத்துத் தமனிகளில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒலி அலைகளால் அளக்கும் ஸ்கேன். உங்கள் ஸ்கேன் அறையில் இருக்கும் லீனியர் புரோப் (கழுத்தில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவிமுனை) அதற்குப் போதும்.

படுத்த நிலையிலும் நிமிர்த்திய பிறகும் கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உள் கரோட்டிட் இரண்டு, வெர்டிப்ரல் இரண்டு என நான்கு தமனிகளிலும் விட்டத்தையும் சராசரி வேகத்தையும் எடுத்து, ஓட்டத்தைக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். கவனம் தேவைப்படும் வேலை இது. 5 மி.மீ. தமனியை 4.5 என்று அளந்தால் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டாப்ளர் கோணம் (ஒலி அலைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம்) 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. இரு நிலையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நோயாளி வேகமாக மூச்சு வாங்கினாலும் கார்பன் டை ஆக்சைடு இறங்கி ஓட்டம் குறையும். மூச்சில் அதையும் அளக்க வேண்டும். அவசர அவசரமாக ஒதுக்கும் நேரத்தில் இதைச் செய்ய முடியாது.

நிற்கவே முடியாதவரிடம் 'பதற்றம்தான்' என்று சொல்லி மனநல மருத்துவரிடம் தள்ளிவிடுவதற்கு மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது? நின்ற நிலையில் ஒரு அளவுகூட எடுக்காமல் அந்த முடிவுக்கு வருவது அநியாயம்.

பி.பி. நார்மலாக இருந்தும் நின்றால் மயங்குகிறவர்களுக்குச் சாய்வு மேசையில் கழுத்து டாப்ளர் செய்ய உத்தரவிடுங்கள். அதற்கு வேண்டிய நேரத்தையும், பயிற்சி பெற்ற ஒருவரையும் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டாப்ளர் ஸ்கேன் செய்பவர்கள்