பழ ஈ வேலையையே எடுத்துக்கொள்

அன்பு மகளுக்கு,

உன் மெயிலை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இந்த ஜூன், ஜூலையில் ஊருக்கு வர முடியாது என்பதைச் சொல்ல அத்தனை சுற்றி வளைத்திருக்க வேண்டாம். உனக்குக் கோடை லீவு என்றால் எங்களுக்கு இங்கே மொரீஷியஸில் குளிர். நீ வந்தாலும் க்யூர்பீப் தூறலுக்குப் பயந்து போர்வைக்குள்தான் கிடப்பாய். டிசம்பரில் வா, லிச்சிப் பழமாவது இருக்கும்.

என்.எஸ்.எஃப் என்கிற அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பின் பணத்தில் நடக்கும் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும்தான். மொரீஷியஸ் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அதில் நுழைய முடியாது. உன் மார்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விட்டுத்தள்ளு. இப்போது உன் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, நீயே காசு கட்டி மலையில் தங்கி, மர்மோட் என்கிற கொழுத்த அணில்களை எண்ணுவது. இன்னொன்று, உங்கள் பேராசிரியரின் ஆய்வகத்தில் பத்து வாரம் பழ ஈக்களோடு இருப்பது. அதற்கு உதவித்தொகை உண்டு. உனக்கு மலைமேல்தான் ஆசை என்பது எழுத்திலேயே தெரிகிறது.

"டார்வினுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?" என்று பெரியப்பா மலைக்குத்தான் ஓட்டுப் போடுகிறார். உண்மைதான். 1831இல் பீகிள் கப்பலில் ஏறும்போது டார்வினுக்கு 22 வயது, சம்பளம் கிடையாது. ஆனால் செலவையெல்லாம் ஏற்றுக்கொண்டது அவருடைய அப்பா. பணக்கார டாக்டர். அவரும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். தாய்மாமா வந்து பேசித்தான் வழிக்குக் கொண்டுவந்தார். 1836இல் அந்தப் பிள்ளை நம் போர்ட் லூயியில் இறங்கி, லெ பூஸ் மலை ஏறி, யானைமேல் சவாரியும் செய்துவிட்டுப் போனார். நான் பென்ஷன் வாங்கும் தமிழ் வாத்தியார். மலை வேலைக்குப் பணம் கேட்டால் எப்படியாவது புரட்டிவிடுவேன், அது வேறு விஷயம். வேலை செய்கிறவளே காசு கட்ட வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம், ஈ என்றால் அலுப்பு என்கிறாயே, எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார்பன் டைஆக்சைடில் மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி, வயிற்றின் நுனி கறுத்திருந்தால் ஆண் என்று பிரிக்க வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். 25 டிகிரி சூட்டில் முட்டை பத்து நாளில் ஈயாகிவிடும். அப்படியானால் பத்து வாரத்தில் நாலைந்து தலைமுறையை நீ கண்ணால் பார்க்கலாம். மர்மோட் வருஷத்துக்கு ஒரு முறைதான் குட்டி போடும். பரிணாமம் படிக்கிறவளுக்கு இதில் எது லாபம் என்று நீயே கணக்குப் போடு.

தம்பாலகோக் மரத்தின் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் தீவில் வாழ்ந்த டோடோ பறவை அழிந்ததால்தான் அந்த மரத்தின் விதை முளைப்பதில்லை என்று 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்கிற பறவை ஆய்வாளர் எழுதினார். டோடோ விழுங்கி வெளியேற்றினால்தான் அது முளைக்கும் என்பது அவர் எண்ணம். டோடோவுக்குப் பதிலாக 17 விதைகளை வான்கோழிகளுக்கு ஊட்டினார். 10 முழுதாக வெளியே வந்தன, அதில் 3 முளைத்தன. நானே வகுப்பில் அதை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வான்கோழி வயிற்றுக்குள் போகாத விதைகளையும் பக்கத்தில் நட்டு அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எந்தப் பறவையும் விழுங்காமலே அந்த விதை முளைக்கும் என்று மற்றவர்கள் காட்டிவிட்டார்கள். அந்த 'பக்கத்தில் நடும்' பழக்கம் ஈ வேலையில் உனக்குத் தானாக வந்துவிடும். இந்தக் குப்பியில் மாற்றிய தீனி, அந்தக் குப்பியில் வழக்கமான தீனி, மற்றதெல்லாம் ஒன்றே. காட்டில் அந்த வசதி லேசில் கிடைக்காது.

சரி என்று சொல்லும் முன் பேராசிரியரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள். தினமும் உன் பக்கத்தில் இருந்து சொல்லித்தரப் போவது யார்? பேராசிரியர் வெளியூர் போய்விட்டால், ஒரு முனைவர் பட்ட மாணவராவது இருக்க வேண்டும். குப்பி கழுவுவதோடு நிற்காமல், சின்னதாக ஒரு கேள்வி உனக்கென்று இருக்குமா என்றும் கேள். வெட்கப்படாதே. கேட்கிற பிள்ளையைத்தான் வாத்தியாருக்கு ஞாபகம் இருக்கும்; நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதப் போவதும் அவர்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் போட்டுவிடு. "ஈ பிடிக்கவா அவ்வளவு தூரம் அனுப்பினீர்கள்?" என்று அத்தை இப்போதே ஆரம்பித்துவிட்டாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா