தீர்ந்துபோக அது சமையல் கேஸ் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்தால் போதும், டெல்லியில் எங்கள் மயூர் விஹார் பக்கம் எந்த மாடிப்படியில் ஏறினாலும் கையில் சிலிண்டரோடு ஒரு ஏ.சி. மெக்கானிக் எதிரே வருகிறார். குளிரவில்லை என்று சொன்னால் பதில் தயாராக இருக்கும், 'கேஸ் கதம் ஹோ கயா', கேஸ் தீர்ந்துபோச்சு. நாமும் சமையல் கேஸ் மாதிரி அதுவும் தீர்ந்துவிடும்போல என்று நினைத்துப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். தீராது. அந்த கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து அறையின் சூட்டை வெளியே கொண்டுபோய் விடுகிறது, எத்தனை வருஷம் ஓடினாலும் செலவாகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

எங்கள் மேல்வீட்டு மாமி மூன்று கோடையாக இப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு தடவையும் 3,000 ரூபாய்க்குக் குறையாமல். போன வாரம் மறுபடியும் குளிரவில்லை என்று கூப்பிட்டார். நான் போய் மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினால், தூசி கம்பளி மாதிரி படிந்து வலைக்கண்ணே தெரியவில்லை, பின்னால் காற்றைக் குளிரவைக்கிற குழாய்ச் சுருள் (காயில்) முழுக்க வெள்ளையாக ஐஸ். காற்று போக வழியில்லாமல் உறைந்துபோயிருக்கிறது. பால்கனியில் வெளி யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே புறாக்கூடு வேறு, குச்சியும் எச்சமுமாகத் தகட்டை அடைத்துக்கொண்டிருந்தது (குஞ்சு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தோம்). மெயினை அணைத்து, ஐஸ் உருகும்வரை காத்திருந்து, ஃபில்டரைக் கழுவி நிழலில் காயவைத்து மாட்டினோம். அரை மணியில் அறை ஜில்லென்று ஆகிவிட்டது. மாமி ஒன்றும் பேசாமல் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

கேஸ் நிஜமாகவே கசிவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அப்போது பெரும்பாலும் வெளி யூனிட்டில் செம்புக்குழாய் சேரும் நட்டுப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். ஒழுங்கான மெக்கானிக் முதலில் அதைக் கண்டுபிடித்து அடைப்பார், அப்புறம் வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து), யூனிட்டில் ஒட்டியிருக்கிற அளவைப் பார்த்து கேஸை எடைபோட்டு நிரப்புவார். வெளி ஃபேன் சுற்றாமல் 'உம்ம்' என்று முனகினால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர்தான் போயிருக்கும், அதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதை நாம் தொடக்கூடாது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கிற அளவுக்குச் சார்ஜ் நிற்கும். உள்ளே சுவரில் தண்ணீர் வடிந்தால் வடிகுழாய் அடைப்பாக இருக்கும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

கூலர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. ஜூலையில் மழை வந்து புழுங்கும்போது கூலர் குளிரவில்லை என்று மோட்டாரை மாற்றாதீர்கள், ஈரக்காற்றில் தண்ணீர் சரியாக ஆவியாகாது, அவ்வளவுதான். ஆனால் அதன் இரும்புப் பெட்டியைத் தொட்டு லேசாகச் சுரீர் என்றாலும் உடனே சுவிட்சை அணைத்து, எர்த்தைச் சரிபார்க்காமல் மறுபடி போடாதீர்கள். குளிர்காலத்தில் கேஸ் கீசர் இருக்கிற குளியலறையை இறுக்கி மூடிக்கொண்டு குளிப்பது அதைவிட ஆபத்து. காற்றோட்டம் இல்லாமல் கேஸ் எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தலை வலிக்கிறது, கிறுகிறுக்கிறது என்றால் குளியலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஹிந்தியும் சரியாக வராமல் தனியாக இருக்கிற நம் பெரியவர்கள் டெல்லியில் நிறையப் பேர். அவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். கோடை முடிவதற்குள் உங்கள் பத்திரிகையில் இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள் ஐயா. மெக்கானிக் 'கேஸ் கதம்' என்று சொன்னதும் அவரிடம் கேட்க வேண்டியதையும் தமிழ் எழுத்திலேயே போட்டுவிடுங்கள்: 'பெஹ்லே லீக் திகாயியே', முதலில் கசிவைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், டெல்லி